எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

1977 வன்செயலில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு வந்து குடியேறிய சகோதரி ஒருவர் கேட்கிறார்: "நானுஓயாவில் அக்காவுக்குச் சுகமில்லை. காலையில் வெளிக்கிட்டால் பொழுதுபட முன் போய்ச் சேரலாமா?"

வரைபடத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 200 கிலோமீற்றர்தான். மலைநாட்டில் அந்தக் கோட்டை நம்பவேண்டாம். கொழும்பிலிருந்து நானுஓயா நேர்கோட்டில் 100 கிலோமீற்றருக்கும் சற்றுக் குறைவு. 1885இல் வந்த கோச்சிப் பாதையோ வளைந்து வளைந்து 207 கிலோமீற்றர். 1,600 மீற்றர் உயரத்துக்கு ஏறவேண்டும். ஒற்றைப் பாதை வேறு, எதிரே வரும் வண்டிக்குக் காத்து நிற்கும். பகல் வண்டிக்கே ஆறேழு மணித்தியாலம் பிடித்தது. நீங்கள் கோச்சியில் போனாலும் பொல்காவலையில் மாறி இதே பாதையில்தான் ஏறவேண்டும். 2025 நவம்பர் டித்வா புயலில் அது பல இடங்களில் சேதமடைந்தது. நிலையத்தில் விசாரிக்காமல் புறப்படாதீர்கள்.

பஸ் என்றால் கண்டியில் மாறுங்கள். கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர். அதற்கே இரண்டரை, மூன்று மணித்தியாலம். அங்கிருந்து நானுஓயா கிட்டத்தான். ஆனால் லயத்துக்கு ஏறும் தோட்டப் பாதையில் இருட்டிய பின் வாகனம் தேடுவது பெரும்பாடு, அதுவும் தனியே வரும் பெண்ணுக்கு. ஆகவே விடியப்புறமே பஸ் ஏறி, நண்பகலோடு கண்டியைத் தாண்டப் பாருங்கள். பிள்ளையையும் கூட்டிப்போனால் கம்பளிச் சட்டையைப் பையின் அடியில் வைக்காதீர்கள், வழியிலேயே தேவைப்படும்.