வேலி மேய்ந்த வேலிக்காத்தான்

வேலி காக்குமென நட்டனர். வேலியே நிலத்தை மேய்ந்தது! 1877 அளவில் அயலினின்று இந்நாட்டிற்குட் புகுந்த வேலிக்காத்தான், பனித்திட்டு போலும் கடலோர ஊர்களின் உவர்மண்ணிலும் தளராது தழைக்கும். அடர்ந்தவிடத்து அறுகும் கொழுக்கட்டைப் புல்லும் ஒளியும் நீருமின்றி மடியும். குசராத்துப் பன்னிப் புல்வெளியில் 1961இல் அரசே இதனை நட்டது, உவர் பரவாமல் தடுக்கவாம்! அங்கு வேரொடு களைந்த இடங்களிற் புல் மீண்டது.

2017இல் சென்னை உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளையும் இதனை அகற்றப் பணித்தது. ஆயின், அடிமரத்தை அரிந்து கரிக்கு விற்றுவிட்டுக் 'களைந்தோம்' என்பாரே மிகுதி. அரிந்த கட்டை பன்மடங்காய்த் துளிர்க்குமே! வேரைத் தோண்டுக. தோண்டிய நிலத்திற் புல் வேரூன்றுமுன் நெற்றுத் தின்ற ஆடுமாடுகளை விடற்க. விடின், சாணியிலும் புழுக்கையிலுமிருந்து முளைப்பது புல்லன்று, மீண்டும் அம் முள்ளே.