நோயாளியிடம் கேட்கலாகாத கேள்வி

அண்டை வீட்டில் ஒருவர் நோயுற்றார் எனக் கேட்டால், நாலு பழம் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்கச் செல்கிறோம். அது நம்மீதுள்ள கடமை என்பதை மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளையும் அறியும். மஞ்சள் காமாலை என்றால் செல்கிறோம். புற்றுநோய் என்றாலும் செல்கிறோம். எய்ட்ஸ் என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் கால் நின்றுவிடுகிறது. நாவோ நிற்பதில்லை. ‘எப்படி வந்ததாம்?’ என்று ஊர் முழுதும் கேட்டுக்கொண்டு திரிகிறது.

அந்தக் கேள்வியைக் குற்ற விசாரணையாக்காமல், நோயாளிகள் தாமாகச் சொன்னதைச் செவிமடுத்த மருத்துவர் ஒருவர் நம் சென்னையில் வாழ்ந்தார். அவர்தாம் டாக்டர் சுனிதி சாலமன். சென்னையில் தோல் வணிகம் செய்த மராத்தியக் குடும்பம் ஒன்றில் எட்டுப் பிள்ளைகளுக்கு இடையே ஒரே பெண்ணாகப் பிறந்தவர். (தோல் வணிகம் நம்மவர்க்குப் புதிதன்று.) சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அயல்நாடுகளில் பயிற்சி பெற்று, 1973ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார், தாம் பயின்ற கல்லூரியிலேயே நுண்ணுயிரியல் ஆசிரியரானார்.

அக்காலத்தில் எய்ட்ஸ் என்பது அமெரிக்காவின் நோய், ஒழுக்கம் மிகுந்த நம் நாட்டை அது அண்டாது என்று படித்தவர்களே பேசினர். அம்மையார் அதனை நம்பி இருந்துவிடவில்லை. தம் மாணவி டாக்டர் நிர்மலாவிடம், பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களின் இரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வை ஒப்படைத்தார். சோதிக்கும் வசதி அன்று சென்னையில் இல்லை. சேகரித்த இரத்த மாதிரிகளை நிர்மலா தம் வீட்டுக் குளிர்பெட்டியில் பாதுகாத்து, இரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். ஆறு பேரின் இரத்தத்தில் கிருமி இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதனை உறுதி செய்தது. 1986ஆம் ஆண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் இருப்பதை நாடு அறிந்தது அன்றுதான்.

கண்டறிந்ததோடு அவர் பணி முடிந்திருந்தால், ஆய்வேடுகளில் ஒரு பெயராக நின்றிருப்பார். மருத்துவமனைகள் நோயாளிகளைத் தொட மறுத்ததையும், பெற்றோரே பிள்ளைகளைக் கைவிட்டதையும் கண்ட அவர், 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிலையத்தைத் தோற்றுவித்தார். தொடக்க ஆண்டுகளில் அது தியாகராய நகரில் இயங்கியது. பெருநாள் துணி வாங்க நாம் நெரிசலில் நடக்கின்ற அதே தியாகராய நகரில், யாரும் பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சித் தலைகுனிந்து எத்தனை பேர் அந்த வாசலைத் தேடி நடந்திருப்பர்! பின்னர் நிலையம் அடையாற்றை அடுத்த தரமணியில், வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் மருத்துவமனை வளாகத்திற்குச் சென்றது. அவருடைய கணவரும் மருத்துவரே, இதய அறுவை நிபுணர். இத்தகையோரிடையே மனைவி பணிபுரிவதை அவரும் முதலில் விரும்பவில்லையாம். அவர்களின் கதைகளைக் கேட்டுப் பாருங்கள், பிறகு இவ்வாறு சொல்லமாட்டீர்கள் என்பதே அம்மையார் அளித்த விடை.

அந்தக் கதைகளில் ஒன்றை நாம் அவசியம் அறிய வேண்டும். அந்நிலையத்திற்கு வந்த நோயுற்ற பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்றை, அம்மையாரும் உடன் பணியாற்றியோரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அப்பெண்களில் மிகப் பெரும்பாலோர் யார் தெரியுமா? கணவரையன்றி வேறொருவரை அறியாத இல்லத்தரசிகள்! ‘எப்படி வந்தது?’ என்னும் நம் கேள்விக்கு அவர்கள் என்ன விடை சொல்வார்கள்? திருமணத்தால் வந்தது என்பதா? கணவன் மறைந்தபின் மாமியார் வீடு பழியை அவள் தலையில் சுமத்தி வெளியேற்றினால், அந்த அநீதிக்கு நம் நாவும் உடந்தையன்றோ? கணவனுக்குத்தான் எவ்வாறு வந்தது என்று துருவுவோரும் உண்டு. அது அவனுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது. அஞ்சி ஒளிபவன் சோதனைக்கு வரமாட்டான்; மருந்தும் உண்ணமாட்டான்; மனைவிக்கும் பிள்ளைக்கும் நோயைக் கொடுப்பான். நம் வம்பினால் விளையும் கேடு இதுதான்.

மருந்தோ இன்று இருக்கிறது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் விலை சொல்லப்பட்ட கூட்டு மருந்தை, 350 டாலருக்குத் தருவதாக 2001இல் அறிவித்து உலகை வியக்க வைத்தவர் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். நோயை வேரோடு நீக்காதெனினும், நாள்தோறும் தவறாது உண்பவர் நெடுநாள் வாழலாம். முன்னதாகவே மருந்து தொடங்கினால் துணைவருக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என 2011இல் ஒன்பது நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. ஒய்.ஆர்.ஜி. கேரும் அதில் பங்கேற்றது. கிருமி உள்ள ஆணுக்கும் கிருமி உள்ள பெண்ணுக்கும் அம்மையார் தாமே வரன் பார்த்து மணம் முடித்து வைத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2015ஆம் ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தார். 2017இல் பத்மஸ்ரீ விருது அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது.

நிக்காஹுக்கு முன் பெண் வீட்டார் நகையும் சீரும் பேசுகிறார்கள். மாப்பிள்ளையின் இரத்தச் சோதனையைப் பேச நாணுகிறார்கள். இந்த நாணம் வீண். இருவரும் விரும்பிச் செய்துகொள்ளட்டும். முடிவு அவ்விருவரோடு நிற்கட்டும், ஜமாஅத் அலுவலகப் பலகைக்கு அது வரவேண்டியதில்லை. தொற்றிய புதிதில் கிருமி சோதனைக்குப் புலப்படாமலிருக்கலாம் என்பதால், ஐயமிருப்பின் மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிப்பது நலம்.

இறந்தவரைக் குளிப்பாட்ட அஞ்சுகிறோம் என்று கூறுவோருக்கும் ஒரு சொல். உடனமர்ந்து உண்பதாலோ, தொடுவதாலோ இக்கிருமி பரவாது. இரத்தம் படாமல் கையுறையும் மேலாடையும் அணிந்து, கையில் காயமிருந்தால் நீர்புகாதபடி மூடிக்கொண்டு, எந்த மய்யித்தையும் போலவே இவரையும் குளிப்பாட்டலாம், கஃபனிடலாம். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் சோதனை இலவசம். ஒருவரின் நோயை அவர் இசைவின்றி வெளியிடுவதை 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் தடுக்கிறது. நேரில் செல்லத் தயங்குவோர் 1097 என்னும் இலவச எண்ணில் கேட்கலாம்.