ரேடியேஷன் முடிஞ்சாச்சு... புராஸ்டேட் புற்றுநோய் திரும்ப வருமா? ஸ்கேன் சொல்வது என்ன?

புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடித்து திருவண்ணாமலை திரும்புபவரின் கேள்வி ஒன்றுதான்: மறுபடியும் வந்துடுமா?

ரத்தம் என்ன சொல்லும்?
ரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவு சிகிச்சைக்குப் பின் இறங்கும். தொட்ட மிகக் குறைந்த அளவைவிட, மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் கூடினால் நோய் திரும்பியதாகக் கணக்கு. இடையில் லேசாக ஏறி, தானாக இறங்குவதும் உண்டு.

ஸ்கேன் எதுக்கு?
நோய் எங்கே என்று ரத்தம் சொல்லாது. பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் காட்டும். புராஸ்டேட்டிலா, நிணநீர் முடிச்சிலா, எலும்பிலா என்பதைப் பொறுத்து சிகிச்சையும் பலனும் மாறும்.

ஸ்கேன் க்ளியர்னா நிம்மதியா?
முழுசா இல்லை. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் ஆய்வு 2021-ல் வெளியானது. ஆபத்து அதிகமுள்ள, ஆனால் நிணநீர் முடிச்சில் நோய் தென்படாத 224 பேர். பெரும்பாலோருக்கு இந்த ஸ்கேன் எடுக்கப்பட்டிருந்தது. இடுப்பு முடிச்சுகளுக்கும் சேர்த்து கதிர்வீச்சு பெற்றவர்களில் 95%, புராஸ்டேட்டுக்கு மட்டும் பெற்றவர்களில் 81% பேருக்கு 5 ஆண்டுகளில் பிஎஸ்ஏ எல்லை தாண்டவில்லை. படத்தில் சிக்காத நோயும் ஒளிந்திருக்கலாம் என்பதையே இது காட்டுகிறது.

என்ன செய்யணும்?
டாக்டர் சொன்ன தேதியில் பிஎஸ்ஏ டெஸ்ட் எடுங்க. அதற்கு வேலூரோ சென்னையோ போக வேண்டாம். உள்ளூர் லேப் போதும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீங்க; அளவு ஏறுவது அதை வைத்துத்தான் தெரியும்.