மில்லுக்காரன் படிக்கல்

'வேலைத்திறன் பத்தாது.' எங்க ராயப்பன்பட்டிக் காலனியிலிருந்து நூல் மில்லுக்குப் போன புள்ளைகளுக்கு மில்லுக்காரன் கட்டிவிட்ட பேர் இது. திராட்சைக் குலையில் எந்தக் காயைக் கழிக்கணும், எதை விடணும் என்று பார்த்த மாத்திரத்தில் எடுக்கிற கைகள் தோழர்களே, அவை.

திறன் என்கிறானே, எதை வைத்து அளக்கிறான்? நூற்பாலைகளில் எச்.ஓ.கே. என்றொரு கணக்கு. 100 கிலோ நூல் நூற்க எத்தனை ஆள்மணி ஆச்சு என்பது. மணி குறைந்தால் திறன் கூடிடுச்சாம். நூல்கண்டைத் தானே கழற்றும் மெஷினை வாங்கிப் போட்டால் ஆளும் குறையும், மணியும் குறையும். இதில் தொழிலாளியின் திறன் எங்கே கூடியது? மட்டமான பஞ்சைப் போட்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும். ஓடி ஓடி ஒட்டுகிறவள் 'ஸ்லோ' ஆகிவிடுவாள். நூல் நம்பர் மாறினால் கணக்கைத் திருத்துவான். ராத்தூக்கம் கெட்டதுக்கும் நெஞ்சுக்குள்ள போன தூசிக்கும் திருத்தம் கிடையாது.

இந்தப் படிக்கல் புதுசில்லை. பம்பாய் மில்களில் கூலி கூடின நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதோரை விடவில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்கணும்; எச்சில் தீட்டாம்! 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களையும் பார்த்துத்தான் கேட்டார். தறியையே தொடவிடாதவனுக்குத் தறித்திறன் எங்கிருந்து வரும்?

இங்கே வேறு தந்திரம். சுமங்கலித் திட்டம் என்று கல்யாண ஆசை காட்டி மூணு வருசம் விடுதியில் அடைத்தார்கள். பேர் நாறியதும் பேரை மாற்றினார்கள். முழு ஆள் பார்க்கிற மெஷினை அவள் பார்ப்பாள். ஏட்டில் மட்டும் 'அப்ரண்டிஸ்'. 2008இல் அரசு அப்ரண்டிஸுக்கும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். போகாமல்? தொழில் கற்றுவிட்டாள் என்று ஒப்புக்கொண்டால் முழுக்கூலி அழணுமே!

மேஸ்திரியை, சூப்பர்வைசரை யார் அளப்பது? திண்டுக்கல் பக்கம் 2021 ஜனவரியில் ஒரு தலித் பெண் தொழிலாளி சூப்பர்வைசரால் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமையேற்ற சங்கம் போராடி 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தை வாங்கியது. பாலியல் தொல்லையை, சாதி வசவைக் கவனித்துச் சொல்லத் தொழிலாளிகளே கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். எச் அண்டு எம் போன்ற துணி வாங்கும் கம்பெனியும் கையெழுத்துப் போட்டது.

நம்ம பக்க மில்லுகளில் முதலில் ஒண்ணு கேட்போம். வெளியே வரும் ஒவ்வொரு புள்ளைக்கும் எந்த மெஷினை எத்தனை வருசம் ஓட்டினாள் என்று எழுதி, கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடு.