வெனிஸ் நகரமும் பெருங்கப்பல்களும்

25,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஸான் மார்க்கோ முகப்பிலும் ஜூடெக்கா கால்வாயிலும் பிரவேசிக்கலாகாது என்று இத்தாலிய அரசாங்கம் விதித்த தடை 2021 ஆகஸ்டு 1ஆம் தேதி அமலுக்கு வந்த நாள்முதல், உல்லாசக் கப்பல்களுக்காகப் பரிந்து பேசுவோர் ஒரு வாதத்தை ஓயாமல் சொல்லி வருகிறார்கள். கடல் வாணிபத்தால் வளர்ந்த ஊர் கப்பலை விரட்டுவது தன் இயல்புக்கே விரோதம். அதனால் ஜனங்களின் ஜீவனம் கெடுமேயன்றி யாதொரு நன்மையும் விளையாது என்பது அதன் சாரம். இவ்வாதம் ஆராய்ச்சிக்கு நிற்காது என்பதே என் துணிபு.

முதலில் சரித்திரம். வெனிஸ் குடியரசு வாணிபத்தைப் போற்றியது மெய். ஆயினும் அதற்கு எல்லை வகுக்க ஒருபோதும் தயங்கியதில்லை. தன் புகழுக்கும் செல்வத்துக்கும் காரணமான கண்ணாடித் தொழிலின் உலைகளை, ஊரில் தீ பரவுமென்று அஞ்சி, 1291இல் முரானோ தீவுக்கு அகற்றியது அக்குடியரசே. நகரைச் சூழ்ந்த காயல் வண்டல் படிந்து தூர்ந்துவிடலாகாது என்பதற்காக, ப்ரெந்தா, பியாவே முதலிய நதிகளையே தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டுத் திசைதிருப்பிக் கடலில் கொண்டு விட்டதும் அதுவே. இன்றைய தடை அந்தப் பழைய விவேகத்தின் தொடர்ச்சி.

ஜீவனம் கெடும் என்பதில் பாதி உண்மை உண்டு. துறைமுகத் தொழிலாளிகளும் மூட்டை சுமப்போரும் வேலை இழந்தார்கள். அவர்களுக்கு நஷ்டஈடு வழங்கவும் அதே சட்டம் ஏற்பாடு செய்தது. ஆனால், கப்பலிலேயே உண்டு, கப்பலிலேயே உறங்கி, சில மணி நேரம் சந்துகளில் நெருக்கியடித்துத் திரும்பும் பிரயாணியின் பணத்தில் பெரும்பகுதி, அவன் கரையில் கால் வைக்குமுன்பே கம்பெனியைச் சேர்ந்துவிடுகிறது. 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த தீவு நகரில் இன்று 50,000 பேர்கூட இல்லை. கப்பல்கள் மட்டும் இதற்குக் காரணமென்று நான் சொல்லவில்லை, எனினும் யாத்திரிகர் பெருகப் பெருகக் குடிகள் தழைப்பார்கள் என்ற நம்பிக்கையை இதற்குப் பிறகும் எப்படிக் காப்பாற்றுவது?

பெருங்கப்பல்களால் அபாயமே இல்லை, அவற்றை இழுவைப் படகுகள் பிடித்துச் செல்கின்றன என்றார்கள் கப்பல் தரப்பார். 2019 ஜூன் 2ஆம் தேதி, இழுவைப் படகுகள் கூடவே இருக்க, எம்எஸ்சி ஓபெரா என்ற கப்பல் அடங்காமல் சென்று ஸான் பஸீலியோ துறையிலும் அங்கு நின்ற பிரயாணிப் படகிலும் மோதியது, சிலர் காயமுற்றனர்.

சிறிய மோட்டார் படகுகளின் அலைகளே கட்டிடங்களை அதிகம் அரிக்கின்றன என்பது இன்னொரு சமாதானம். அப்படகுகளும் தீங்கு செய்கின்றன. அவற்றையும் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் பெருங்கப்பல் செய்யும் காரியம் வேறு. ஒடுங்கிய கால்வாயில் அது நகரும்போது இருபுறத்து நீரையும் உள்ளிழுத்து, கடந்தபின் பாய்ந்து திரும்பச் செய்கிறது. சராசரியாக ஓர் ஆளின் இடுப்பளவே ஆழமுள்ள அந்தக் காயலின் சேறு கிளறப்பட்டு, மெல்ல மெல்லக் கடலுக்குள் போய்விடுகிறது. சேற்றில் அறைந்த மரத்தூண்கள்மேல் நிற்கும் நகருக்கு அந்தச் சேறே அஸ்திவாரம்.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பார் ஒரு கூரிய கேள்வி கேட்கிறார்கள்: கப்பல்கள் இப்போது மலமோக்கோ வாயில் வழியாகக் காயலுக்குள் நுழைந்து மார்கேரா துறைமுகத்துக்குத்தானே போகின்றன, அதுவும் காயல்தானே? ஆம், அவ்வழியில் 1960களில் எண்ணெய்க் கப்பல்களுக்காக வெட்டிய ஆழ்ந்த கால்வாய் காயலின் மத்திய பகுதியை அரித்துப் பாழாக்கியது பிரத்தியட்சம். ஆனால் இதிலிருந்து பிறக்கும் முடிவு, ஜூடெக்காவை மறுபடி திறக்க வேண்டும் என்பதன்று. காயலுக்கு வெளியே கடலில் துறை அமைக்கத் திட்டங்கள் கோரும்படி 2021ஆம் வருஷத்துச் சட்டமே பணித்திருக்கிறது. மார்கேராவைக் காட்டி வாதாடுவோர் உண்மையிலேயே காயலுக்காகக் கவலைப்படுகிறவர்களானால், அந்தத் துறையை விரைவில் கட்டி முடிக்குமாறு அரசாங்கத்தை நெருக்கட்டும்.