சின்னம் யாருக்குச் சொந்தம்?

கேளம்பாக்கம் சாலைச் சந்திப்பில் நின்று நாற்புறமும் நோக்குவோரின் கண்ணில் முதலில் படுவது மரமன்று, மனையன்று; பலகைகள்! உப்பளங்களால் ஊரார் அறிந்திருந்த இடம் இது. இன்றோ, பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி வரையிலும், மேற்கே வண்டலூர்ச் சாலையிலும், கல்லூரி, மருத்துவமனை, வங்கி, கணினி நிறுவனம் என்று வரிசை வரிசையாக எழுந்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம். பகலில் பளபளக்கிறது, இரவில் ஒளி வீசுகிறது. "என்னைப் பார், என்னை நினைவில் வை" என்று வழிப்போக்கனை வலிந்து அழைக்கிறது.

ஆனால், அதே சின்னத்தைத் தமிழ் விக்கிப்பீடியாவில், அந்த நிறுவனத்தைப் பற்றிய கட்டுரையில், ஒரு மூலையில் சிறிதாக இட முனைந்தால் போதும்; "இது யாருடைய உரிமை? யார் தந்த அனுமதி?" என்ற கேள்வி எழுகிறது! அதே சாலையில் தெற்கே சென்றால் மாமல்லபுரம். பல்லவன் கட்டிய கடற்கரைக் கோயிலைப் படமெடுத்து எவரும் களஞ்சியத்தில் சேர்க்கலாம், கேட்பாரில்லை. நேற்று நட்ட விளம்பரப் பலகைக்குத்தான் இத்தனை காவல்!

விந்தைதான், ஆனால் காரணமில்லாத விந்தையன்று. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கட்டடத்தையும், பொது இடத்தில் நிலையாக நிறுவிய சிலையையும் படமெடுத்து வெளியிட இடந்தருகிறது. பலகையில் தீட்டிய தட்டையான ஓவியத்துக்கு அந்தச் சலுகையை அது வெளிப்படையாகத் தரவில்லை. சின்னத்தை வரைந்தவனின் உழைப்புக்கு மதிப்புத் தரவேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. வெறும் எழுத்துகளால் மட்டும் அமைந்த சின்னத்துக்குப் பெரும்பாலும் பதிப்புரிமையே எழாது. கற்பனையோடு வரைந்த சின்னத்துக்கு உண்டு. நாம் கேட்பது வேறு. ஒரு நிறுவனத்தைப் பற்றி மக்களுக்கு அறிவு புகட்டும் ஏட்டில், அந்த நிறுவனத்தின் அடையாளத்தைக் காட்டுவது களவா, கடமையா?

தமிழில் கலைக்களஞ்சியம் காண நம்மவர் பட்ட பாட்டை நாடறியும். பெரியசாமித் தூரனைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954-ல் முதல் தொகுதியை வெளியிட்டது. 1968-ல் பத்தாம் தொகுதியோடு பணி நிறைவெய்தியது. அதற்கு அறிஞர் குழு இருந்தது, நன்கொடை இருந்தது, அரசின் துணையும் இருந்தது. 2003-ல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கோ, ஊதியம் பெறாத தன்னார்வலர்களே துணை. ஆசிரியரும் மாணவரும், ஈழத்தாரும் புலம்பெயர்ந்தோரும் எழுதி எழுதி, 1,50,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் குவித்திருக்கிறார்கள். எவரும் எடுக்கலாம், எவரும் திருத்தலாம், எவரும் மீண்டும் வெளியிடலாம் என்பது அதன் அடிப்படை. பிறர் உரிமை தங்கிய படம் அதனுள் நுழைந்தால் அந்த அடிப்படையே ஆட்டங்காணும். எனவே கட்டுப்பாடு தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை.

அந்தக் கட்டுப்பாடும் கண்மூடித்தனமானதன்று. விக்கிமீடியா நிறுவனம் 2007 மார்ச்சில் நிறைவேற்றிய தீர்மானம், கட்டற்ற உரிமையில் இல்லாத படங்களை மிகக் குறைந்த அளவில் ஏற்க ஒவ்வொரு மொழிப் பதிப்புக்கும் வழி வகுத்தது. அதற்குரிய தேவைகளுள் ஒன்றாக, அடையாளச் சின்னங்களைப் பெயர் சுட்டியே சொன்னது. ஆங்கிலப் பதிப்பு அவ்வழி நடக்கிறது. ஸ்பானியப் பதிப்பு அத்தகைய படங்களையே ஏற்பதில்லை. தமிழ்ப் பதிப்பில், நியாயப் பயன்பாடு என்ற குறிப்போடு நிறுவனச் சின்னங்கள் இடம்பெறுகின்றன. இது சரியான வழி என்பதே நம் கருத்து.

ஏன் சரி? கேளம்பாக்கத்துப் பலகையில் கல்லூரியின் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. களஞ்சியத்துக் கட்டுரையோ தமிழில். பெயரொத்த கல்லூரிகள் பல. பெயரைச் சுருக்கிச் சொல்லும் பழக்கமும் உண்டு. சிற்றூரிலிருந்து மகளைச் சேர்க்க வரும் தந்தை, படித்தறிந்த நிறுவனமும் பார்க்கிற கட்டடமும் ஒன்றுதானா என்று எதைக்கொண்டு துணிவார்? சின்னத்தைக் கொண்டுதான்! வில்லையும் புலியையும் கயலையும் கண்டு சேரன், சோழன், பாண்டியன் என்று அறிந்த நாடு இது. 1952-ல் முதற் பொதுத்தேர்தல் நடந்தபோது, எழுத்தறியா மக்கள் பெட்டியின்மேல் இருந்த சின்னத்தைப் பார்த்தன்றோ வாக்களித்தனர்! சின்னம் அழகுக்கன்று, அடையாளத்துக்கு. அடையாளத்தை மறைத்துவிட்டு அறிவைக் கொடு என்பது என்ன நியாயம்?

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2010-ல் அந்நாட்டுப் புலனாய்வு நிறுவனமான எப்.பி.ஐ., தன் முத்திரையை விக்கிப்பீடியாவிலிருந்து நீக்குமாறு கடிதம் விடுத்தது. விக்கிமீடியாவின் வழக்கறிஞர் மைக் காட்வின் அஞ்சவில்லை. போலி அதிகாரியாக வேடமிட்டு ஏமாற்றுவோரைத் தடுக்கவே அந்தச் சட்டம், வாசகருக்கு விளக்கந்தருவோரைத் தடுக்கவன்று என்று மறுமொழி எழுதினார். முத்திரை நீக்கப்படவில்லை. காட்டுவது வேறு, காட்டி ஏய்ப்பது வேறு என்ற வேறுபாடு அங்கே நிலைநாட்டப்பட்டது.

இங்கே நிலை அவ்வளவு தெளிவாக இல்லை. அமெரிக்கச் சட்டம், பயனின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, உரியவரின் சந்தைக்கு நேரும் பாதிப்பு என்னும் நான்கையும் நிறுத்துப் பார்க்கச் சொல்கிறது. நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவோ பட்டியல் போடுகிறது: ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன், திறனாய்வு, நடப்புச் செய்தி. 2012-ல் திருத்தியபோதும் கலைக்களஞ்சியத்துக்கென ஒரு வரி சேரவில்லை. கணினிகள் கடல் கடந்து இருக்கலாம். படத்தை ஏற்றும் தமிழன் இந்த மண்ணில்தானே இருக்கிறான்? அவன் செய்வது குற்றமென்று நாம் கூறவில்லை. நற்பணி செய்பவனை ஐயத்தில் நிறுத்தலாகாது என்றே கூறுகிறோம்.

அதே வேளையில், அந்தத் தோழர்களுக்கும் ஒரு சொல். உரிமை வேண்டுவோர் ஒழுங்கையும் பேணவேண்டும். ஒரு சின்னத்துக்கு ஒரு கட்டுரை போதும். பட்டியலெங்கும் தோரணம் கட்டவேண்டாம். அச்சடித்து விற்க உதவாத சிற்றளவில் இடுங்கள். எங்கிருந்து எடுத்தோம், எதற்காக எடுத்தோம் என்று எழுதுங்கள். நிறுவனத்தின் சின்னத்தை ஏற்றிவிட்டு, 'சொந்தப் படைப்பு' என்று குறிப்பிடுவது பொய். அந்தப் பொய்யினால் படமும் நீங்கும், நற்பெயரும் நீங்கும். வேண்டியபோது எடுப்பது நியாயப் பயன்பாடன்று. வேண்டிய அளவே எடுப்பதுதான் நியாயப் பயன்பாடு.

நிறைவாக, அரசுக்கும் பொது நிறுவனங்களுக்கும் நம் வேண்டுகோள். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-ல் வாங்கி, பின்னர் மக்களுக்கே விட்ட மாநிலம் இது. எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி, அவர்தம் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை தந்த மாநிலம் இது. அந்நூல்கள் இன்று விக்கிமூலத்தில் வாசகர்க்குக் கிடைக்கின்றன. கவிஞனின் வாழ்நாள் உழைப்பையே பொதுவில் வைக்க முடிந்தபோது, மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் வாரியமும் பல்கலைக்கழகமும் தம் சின்னத்தைக் களஞ்சியத்தில் காட்டலாமென்று ஒரு வரி எழுதித்தரத் தயங்குவானேன்?

"தந்துவிட்டால் போலிச் சான்றிதழ் அச்சடிப்பார்களே!" என்பர் சிலர். பதிப்புரிமைக்கு அஞ்சியா போலிகள் அடங்கிக் கிடக்கின்றனர்? சின்னங்களையும் பெயர்களையும் முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1950-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நாட்டின் அரசுச் சின்னத்துக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வணிகக் குறிகளுக்கு 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிப்புரிமையைத் தளர்த்துவதால் இப்பூட்டுகளில் ஒன்றும் கழன்றுவிடாது. கள்வனுக்கான பூட்டைக் கற்பவன் வாயிலில் மாட்டவேண்டாம் என்பதே நம் வாதம்.

ஒவ்வொரு நிறுவனமும் தன் சின்னத்தின் தெளிவான படிவத்தையும், அதை எவ்வாறு பயன்படுத்தலாம் என்ற குறிப்பையும் தமிழில் வெளியிடட்டும். பதிப்புரிமைச் சட்டத்தை அடுத்துத் திருத்தும்போது, பொது அறிவு நூல்களில் அடையாளங் காட்டுவதற்கென ஒரு வரியைச் சேர்க்க நம் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் குரல் எழுப்பட்டும். சாலையில் செல்வோரையெல்லாம் "பார், பார்" என்று அழைத்த சின்னத்தை, தமிழில் படிக்க வந்தவனும் பார்க்கட்டும்!