அவரை விதை கைமாற வேண்டும்

ஆடிப்பட்டத்துக்கு அவரை ஊன்ற நினைப்பவர்கள் இன்று தேடிப் போவது விதைக் கடையை. முன்பு அந்தத் தேவை இருந்ததில்லை. சென்ற தையில் நெற்றாக விட்டுக் காயவைத்த விதை வீட்டுப் பானையில் இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு கை வாங்கிக்கொள்ளலாம். பட்டை அவரை, நெய் அவரை, ஊதா அவரை என்று ஊருக்கு ஊர் வெவ்வேறு ரகங்கள் இருந்தன. அவற்றில் பல சந்தையை விட்டுப் போய்விட்டன. மிச்சமிருப்பவை சில வீட்டு வேலிகளிலும் கூரைகளிலும் படர்ந்து கிடக்கின்றன. அவற்றைக் காப்பாற்ற ஒரு வழிதான் உண்டு: வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் விதை எடுக்க வேண்டும், எடுத்ததைக் கொடுக்க வேண்டும். அதற்கு அரசு துணை நிற்க வேண்டும்.

பழைய கொடி அவரைகள் ஒதுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. அவை பகலின் நீளம் அறிந்து பூப்பவை. ஆடியில் ஊன்றினால், புரட்டாசிக்குப் பின் பகல் குறுகும்போது பூவெடுத்துப் பனிக்காலம் முழுக்கக் காய்க்கும். கோடையில் ஊன்றினால் இலையும் கொடியுமாகத் தழைக்குமே தவிர, காய்ப்பு இருக்காது. பந்தல் போட வேண்டும். மாதக்கணக்கில் நிலத்தை விட்டுத்தர வேண்டும். காயும் ஒரே சமயத்தில் திரளாது. சந்தைக்கு வண்டி ஏற்ற வேண்டிய விவசாயிக்கு இது கட்டுப்படியாகாது. அதனால்தான் பருவம் பார்க்காமல் காய்க்கும் செடி அவரை ரகங்களைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கித் தந்தது. அது தேவையான பணி. கடன் வாங்கிப் பயிர் செய்பவரிடம் போய், மரபைக் காக்க நீ நட்டப்படு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால், வயலுக்கு ஒத்துவராத அதே குணங்கள்தான் வீட்டுக்கு ஒத்துவருகின்றன. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரே நாளில் மூட்டைக் காயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு பொரியலுக்கு ஆகிறமாதிரி பறித்தால் போதும். நாட்டுக்கொடி அப்படித்தான் காய்க்கிறது. பிஞ்சைப் பறித்தால் பொரியல். முற்றவிட்டால் பருப்பை உரித்துக் குழம்பு. பொங்கலன்று வைக்கும் குழம்புக்கு அவரையும் மொச்சையும் நேரத்துக்குக் கிடைப்பதும் ஆடியில் ஊன்றியதால்தான். ஆகவே, இந்த ரகங்களை வயலுக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. அவை தங்குவதற்குரிய இடம் கொல்லையும் மாடியும் வேலியும்தான். அந்த இடத்திலிருந்தும் அவை போய்விடக் கூடாது என்கிறோம்.

போனால் இழப்பு சிறிதல்ல. வரகு, தினை, கொள், அவரை ஆகிய நான்கையும்தான் புறநானூற்றின் 335ஆம் பாடல் உணவென்று எண்ணிச் சொல்கிறது. அவ்வளவு காலம் இந்த மண்ணில் விதைத்து, பொறுக்கி, மறுபடி விதைத்து வந்த பயிர் இது. எந்தக் கொடி வறட்சியைத் தாங்கியது, எந்தக் காயில் நார் குறைவு, எதற்கு அசுவினி அதிகம் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மகாராஷ்டிரத்தின் அகோலே வட்டாரத்தில், பள்ளிக்கூடம் போகாத பழங்குடிப் பெண் ராஹிபாய் சோமா பொப்பேரே நாட்டு அவரை உள்ளிட்ட உள்ளூர் விதைகளைத் தன் வீட்டிலேயே சேர்த்துக் காத்தார். சுற்றுவட்டாரப் பெண்களுக்கும் பகிர்ந்தார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இந்த வேலைக்குப் பெரிய நிலமோ பட்டமோ தேவையில்லை என்பதற்கு அவர் சாட்சி.

தேசிய மரபணு வங்கி இருக்கிறதே, வீட்டில் எதற்கு என்று கேட்கலாம். டெல்லியில் உள்ள அந்த வங்கி உறைகுளிரில் விதைகளைக் காக்கிறது. அது இன்றியமையாத காப்பு. ஆனால் உறைந்திருக்கும் விதை மாறிவரும் மழையையும் வெயிலையும் புதிய பூச்சியையும் சந்திப்பதில்லை. மண்ணில் ஆண்டுதோறும் முளைப்பதே அவற்றுக்குப் பழகிக்கொள்கிறது. எப்போது ஊன்றுவது, எந்தப் பதத்தில் பறிப்பது, எதனுடன் சேர்த்துச் சமைப்பது என்ற அறிவும் வங்கிப் பெட்டிக்குள் போவதில்லை. அதை வளர்க்கும் கைகள்தாம் வைத்திருக்கின்றன.

அதே சமயம், ஒரே வீட்டில் இருக்கும் விதைக்குப் பாதுகாப்பில்லை. ஒரு பருவத்தில் தேமல் நோய் தாக்கலாம், பானைக்குள் வண்டு விழலாம், வீடு மாறலாம், பேணி வந்த பாட்டி காலமாகலாம். அந்த ரகம் அத்தோடு முடிந்தது. பத்து வீடுகளில் இருந்தால் ஒன்று போனாலும் ஒன்பது மிஞ்சும். மாடித்தொட்டியில் நாலைந்து கொடிக்கு மேல் வளர்க்க இயலாதவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஒரே கொடியின் விதையை மட்டும் ஆண்டுக்கணக்கில் எடுத்துவந்தால் அந்த ரகத்துக்குள் இருக்கும் வேறுபாடுகள் சுருங்கிவிடும். பல வீடுகள் ஒரே ரகத்தை வளர்த்து விதையை மாற்றிக்கொண்டால்தான் அது முழுமையாக நிற்கும். கொடுப்பது தருமம் மட்டுமல்ல, காக்கும் முறையும் அதுவே. அரிய விதை என்று பெயர் சூட்டி ஐந்தாறு விதைகளை அநியாய விலைக்கு விற்பவர்கள் இதை உணர வேண்டும்.

கொடுப்பவருக்கும் கடமை உண்டு. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனாலும் தேனீக்கள் வந்துபோவதால் இரண்டு ரகங்களை ஒரே பந்தலில் ஏற்றினால் கலப்பு நேரும். விதைக்கென்று சில நல்ல கொடிகளை முன்கூட்டியே நூல் கட்டி ஒதுக்க வேண்டும். கடைசியில் மிஞ்சிய சொத்தைக் காயை விதைக்கு விடக் கூடாது. தேமல் கண்ட கொடியிலிருந்து விதை எடுக்கவே கூடாது. சில வைரஸ் நோய்கள் விதை வழியாகவே அடுத்த வீட்டுக்குப் போகும். நெற்று கொடியிலேயே காய வேண்டும். பயறு வண்டு தோட்டத்திலேயே காயின் மேல் முட்டையிடுவதால், சாம்பல் கலந்தோ, நன்றாக உலர்ந்த விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் இட்டு ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்தோ அதைத் தடுக்கலாம். கொடுப்பதற்கு முன் ஈரத்துணியில் பத்து விதையை முளைகட்டிப் பார்க்க வேண்டும். பொட்டலத்தின் மேல் ரகம், ஊர், பட்டம், ஆண்டு ஆகிய நான்கையும் எழுத வேண்டும். விவரம் இல்லாமல் கைமாறும் விதை இரண்டாம் வீட்டிலேயே தன் ஊரை இழந்துவிடும்.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கிறதா? இல்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விளைந்ததிலிருந்து விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் பகிரவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயரிட்டு விற்கக் கூடாது என்பதே கட்டுப்பாடு. பாரம்பரிய ரகங்களைப் பேணிக் காப்பவரையும் விவசாயி என்ற வரையறைக்குள் இச்சட்டம் சேர்க்கிறது. விதைச் சட்டங்களில் இனி எந்தத் திருத்தம் வந்தாலும் இந்த உரிமையில் ஒரு சொல்கூடக் குறையக் கூடாது.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, தோட்டக்கலைத் துறை மானியத்தில் வழங்கும் மாடித்தோட்ட விதைத் தொகுப்பில் அந்தந்த மாவட்டத்தின் நாட்டு அவரை ஒன்று கட்டாயம் இடம்பெற வேண்டும். அந்த விதையை உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுக்களிடமிருந்தே வாங்க வேண்டும். இரண்டாவது, ஊராட்சி நூலகங்களில் ஒரு விதை அலமாரி வைக்க வேண்டும். அதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 2006 முதல் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன், இரண்டு கிலோ பாரம்பரிய நெல்லை இலவசமாகக் கொடுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கினார். அந்த நான்கு கிலோ இன்னும் இருவருக்குப் போனது. நெல்லில் முடிந்தது அவரையில் முடியாதா? மூன்றாவது, ஒவ்வொரு மாவட்டத்திலும் எஞ்சியுள்ள அவரை ரகங்களைக் கணக்கெடுத்து, பேணியவர்களின் பெயரிலேயே பதிவு செய்ய வேளாண் அறிவியல் நிலையங்கள் உதவ வேண்டும்.

அரசு அசையும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த ஆடிக்கு முன், உறவிலோ தெருவிலோ நாட்டு அவரை வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்து விதை கேளுங்கள். அதன் பெயரையும் ஊரையும் எழுதி வாங்குங்கள். தை மாதம் நெற்று எடுத்ததும் கொடுத்தவருக்கு இரு மடங்காகத் திருப்பிக் கொடுத்து, புதிதாக இரண்டு வீடுகளுக்கும் கொடுங்கள். நாட்டு அவரைக்கு இதைவிட உறுதியான காவல் வேறில்லை.